பதினோராவது உருப்படி

மே மாதம் பிறந்துவிட்டால் தில்லித் தமிழர் வீடுகளில் ஒரே பரபரப்புதான். பள்ளிக்கூடம் மூடும் நாளைக் கேட்டுவைத்து, ரயில் டிக்கெட்டும் வாங்கியாகிவிட்டது. (முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான், 2024 நவம்பர் வரை 120 நாட்களாக இருந்தது.) இனி பாக்கி மூட்டை கட்டுவதுதான். பரணிலிருந்து பெட்டிகள் இறங்கும். "இதையும் வைத்துக்கொள்வோம், எதற்கும் இருக்கட்டும்" என்ற குரல் ஒவ்வொரு அறையிலிருந்தும் கேட்கும்.

இந்த "எதற்கும் இருக்கட்டும்" என்ற இரண்டு வார்த்தையால் எங்கள் குடும்பம் ஒருமுறை பட்ட பாட்டைச் சொல்லி, அதிலிருந்து நான் கற்றுக்கொண்ட மூட்டை கட்டும் முறையையும் சங்க அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1994-ஆம் ஆண்டு மே மாதம். நான், மனைவி, இரண்டு குழந்தைகள், என் அம்மா ஆக ஐந்து பேர் ஆடுதுறையில் இருந்த பெரியப்பா வீட்டுக்குப் புறப்பட்டோம். சாமான்கள் மொத்தம் பதினொன்று. ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு சூட்கேஸ், ஒரு ஹோல்டால், சாப்பாட்டுக் கூடை, தண்ணீர்க் கூஜா, பெரியப்பாவுக்காகப் பாசுமதி அரிசிச் சாக்கு, பெரியம்மாவுக்காக ஒரு ரஜாய் மூட்டை (மே மாதத்தில், தஞ்சாவூர் ஜில்லாவுக்கு!), குழந்தைகளின் விளையாட்டுச் சாமான் பை, செருப்புப் பை. பதினோராவதாக, அம்மாவின் வாயகன்ற பிளாஸ்க். அதற்குள் ஐஸ் கட்டிகள்; ஐஸுக்கு நடுவே அம்மாவின் இன்சுலின் புட்டி. பிளாஸ்கின் கைப்பிடியில் கட்டிய சுருக்குப்பையில் சிரிஞ்சும் டாக்டர் சீட்டும்.

எண்ணுகிற வேலை என்னுடையது. புதுதில்லியில் எண்ணினேன், பதினொன்று. இரண்டு இரவும் ஒரு பகலும் கழிந்து சென்னை சென்ட்ரலில் இறங்கியபோது எண்ணினேன், பதினொன்று. டாக்சியில் எழும்பூர் போய், மீட்டர்கேஜ் வண்டியில் ஏறியபின் எண்ணினேன், பதினொன்று. பெருமையாகக்கூட இருந்தது.

ஆடுதுறையில் வண்டி அதிகம் நிற்காது. இருட்டுகிற நேரம். குழந்தைகளை இறக்கி, அம்மாவைக் கைப்பிடித்து இறக்கி, டிரங்குப் பெட்டியை இழுத்து, அரிசிச் சாக்கைத் தள்ளி, ரஜாய் மூட்டையை வீசி, நான் குதிப்பதற்கும் வண்டி நகர்வதற்கும் சரியாக இருந்தது. மேடையில் நின்று எண்ணினேன். பதினொன்று. அப்பாடா என்று பெருமூச்சு விட்டேன்.

கூலியாள் சாமானைத் தலையில் ஏற்றும்போதுதான் மனைவி கேட்டாள், "பிளாஸ்க் எங்கே?"

எழும்பூரில் ஒரு கூடை மாம்பழம் வாங்கியிருந்தோம். அதைச் சேர்த்தால் பன்னிரண்டு. நானோ பழக்கத்தில் பதினொன்று வந்ததும் நிறுத்திவிட்டேன். எண்ணிக்கை சரியாக இருந்தது, பொருள்தான் இல்லை. பிளாஸ்க் ஜன்னலோரக் கொக்கியில் தொங்கியபடி கும்பகோணத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஸ்டேஷன் மாஸ்டர் நல்ல மனிதர். உடனே கும்பகோணத்துக்குப் போன் பேசினார். அங்கே தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. பெரியப்பா மகன் பஸ் பிடித்துக் கும்பகோணம் போய் மருந்துக் கடையில் கேட்டான். கடைக்காரர் டாக்டர் சீட்டு கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. சீட்டு பிளாஸ்கோடு போய்விட்டது. எந்த வகை இன்சுலின், எத்தனை யூனிட் என்று என்னைக் கேட்டிருந்தால் எனக்கும் தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்தது அளவு மட்டும்தான். மருந்தின் பெயர் தெரியாது.

அன்றிரவு ஊசி இல்லை. அம்மா சாப்பிட மாட்டேன் என்று மோர் மட்டும் குடித்துப் படுத்தாள். இரவெல்லாம் தாகம், மணிக்கொருமுறை கொல்லைப்பக்கம் போய்வந்தாள். விடியற்காலையில் நாக்கு வறண்டு, எழுந்து உட்கார முடியாமல் போய்விட்டது. கார் வைத்துக் கும்பகோணத்தில் ஒரு டாக்டரிடம் கொண்டுபோனோம். ஒரு நாள் படுக்க வைத்துத் தேற்றி அனுப்பினார். தெளிந்ததும் அம்மா என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது. "எல்லாத்தையும் எண்ணினியேடா, எனக்கு எது வேணும்னு எண்ணினியா?"

ஒரு கேள்வி, இரண்டு பை

அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான் எங்கள் வீட்டு விதி. ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து ஒரு கேள்வி கேட்கிறோம்: "இது இன்றிரவு கையில் இல்லாவிட்டால் என்ன ஆகும்?"

"ஆபத்து" அல்லது "பயணமே நின்றுபோகும்" என்று பதில் வந்தால் அது கைப்பைக்கு. "சிரமம், ஆனால் சமாளிக்கலாம்" என்றால் பெரிய பைக்கு. "ஒன்றும் ஆகாது, அங்கேயே கிடைக்கும்" என்றால் பரணுக்கு. ஆளுக்கு ஒரு பெரிய பை, ஒரு கைப்பை. கைப்பை எப்போதும் தோளில் இருக்கும். கொக்கியிலும் தொங்கக் கூடாது, சீட்டுக்கடியிலும் போகக் கூடாது. தூங்கும்போது தலைமாட்டில்.

சுமை குறைய வேண்டும் என்பது வெறும் தோள்வலிக்காக மட்டும் அல்ல. உருப்படி கூடக் கூட, முக்கியமானது எது என்று கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. பதினொன்றில் ஒன்றாக இருந்ததால்தான் அந்த பிளாஸ்க் தொலைந்தது. இரண்டில் ஒன்றாக இருந்திருந்தால் தொலைந்திருக்காது.

கைப்பையில் என்னென்ன?

முதலில் மருந்து. பயண நாட்களுக்கு வேண்டியதோடு நாலைந்து நாள் கூடுதலாக. மாத்திரைகளை அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள். பெயர் அதில்தான் இருக்கிறது. டாக்டர் சீட்டை மூன்று இடத்தில் வையுங்கள்: மூலம் கைப்பையில், நகல் உடன் வருபவரிடம், படம் செல்போனில். 1994-இல் எங்களுக்கு ஒரு நகல் இருந்திருந்தால் அந்த இரவே ஊசி போட்டிருக்கலாம்.

இன்சுலின் போடுபவர்களுக்குச் சில வார்த்தை. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். உபயோகத்தில் இருக்கும் புட்டியோ பேனாவோ சாதாரண அறைச் சூட்டில், அதாவது 30 டிகிரிக்கு மேற்படாமல், ஏறத்தாழ நாலு வாரம் வரை தாங்கும். (வகைக்கு வகை சற்று மாறும், அட்டையில் போட்டிருப்பதைப் பாருங்கள்.) ஆனால் தில்லி மே மாதத்து 44, 45 டிகிரியை அது தாங்காது. அதைவிட முக்கியம், உறைந்துபோன இன்சுலின் உருகினாலும் உதவாது, எறிந்துவிட வேண்டியதுதான். கும்பகோணம் டாக்டர் சொல்லித்தான் எனக்கு இது தெரிந்தது. ஐஸ் கட்டிக்கு நடுவே புட்டியைப் புதைத்துவைத்த எங்கள் கெட்டிக்காரத்தனமே தவறு. ஐஸ் வைப்பதானால் புட்டியைத் துணியில் சுற்றி, ஒரு டப்பாவில் போட்டு, ஐஸ் நேரே படாமல் வைக்க வேண்டும்.

ஐஸ் இல்லாமலும் முடியும். ஈரத்துணி சுற்றிய சுராஹியில் தண்ணீர் குளிர்வதுபோல, ஈரம் காயும்போது சூட்டை உறிஞ்சுகிறது. இந்த முறையில் வேலை செய்யும் சிறு பைகள் இப்போது மருந்துக் கடைகளில் கிடைக்கின்றன. உள்ளே இருக்கும் படிகங்கள் தண்ணீரில் ஊறினால் வீங்கி நீண்டநேரம் ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஒன்று கவனியுங்கள். காற்று வறண்டிருந்தால்தான் ஈரம் சீக்கிரம் காயும், குளிர்ச்சியும் வரும். ஆக்ரா, ஜான்சி, போபால் வரை பிரமாதமாக வேலை செய்யும் இந்த முறை, விஜயவாடா தாண்டிக் கடலோரப் புழுக்கத்தில் சோம்பல் காட்டும். தில்லியில் சொர்க்கமாக இருக்கும் கூலர் சென்னையில் பயன்படாமல் போவதும் இதனால்தான். ஆகவே ஊர் சேர்ந்ததும் புட்டியைக் குளிர்பெட்டிக்கு மாற்றிவிடுங்கள்; உறைபெட்டியில் அல்ல, கதவுப் பக்கத்தில்.

இன்னொரு விஷயம். நம் நாட்டில் புட்டி இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் போடுவது 100 யூனிட். சிரிஞ்சும் அதற்கேற்றபடி வேறு வேறு. வழியில் அவசரமாக வாங்க நேர்ந்தால் புட்டியில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்தபிறகே ஊசி போடுங்கள். சாப்பாட்டுக்கு முன் போடும் ஊசியானால், வண்டியில் "சாப்பாடு வருகிறது" என்ற சொல்லை நம்பிப் போடாதீர்கள். தட்டு கைக்கு வந்தபிறகு போடுங்கள். கைப்பையில் கொஞ்சம் சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்கட்டும். படபடப்பும் வியர்வையும் வந்து சர்க்கரை இறங்கினால் மூன்று டீஸ்பூன் உடனே கைகொடுக்கும்.

இரண்டாவது, தண்ணீர். ஆளுக்கு ஒரு லிட்டர் புட்டி. கூடவே ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நாலு, எடையே கிடையாது. ஒரு லிட்டருக்கு என்று போட்டிருக்கும் பொட்டலத்தை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். ஒரு டம்ளரில் பாதிப் பொட்டலம் என்று கலந்தால் உப்பு மிகுந்து குழந்தைகளுக்குக் கெடுதல். பொட்டலம் இல்லையானால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இதை மனப்பாடம் செய்துகொண்டால் சுமையே இல்லை.

மூன்றாவது, அடையாள அட்டை, டிக்கெட், பணம். செல்போனில் எல்லாம் இருக்கிறது என்று இருந்துவிடாதீர்கள். செல்போன் உயிர்விட்டால் எல்லாமும் போகும். ஒரு சிறு தாளில் வண்டி எண், பெட்டி எண், படுக்கை எண், போய்ச்சேரும் வீட்டின் விலாசம், இரண்டு போன் எண்கள் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். வண்டியில் எதையாவது விட்டுவிட்டால் இப்போது 139 என்ற ரயில்வே எண்ணுக்குச் சொல்லலாம். அவர்கள் முதலில் கேட்பது வண்டி எண்ணும் பெட்டி எண்ணும்தான். அது அந்தத் தாளில் இருக்கும்.

நான்காவது, சில்லறைச் சாமான்கள். மாற்று மூக்குக்கண்ணாடி, காது கேட்கும் கருவி போடுபவர்களுக்கு அதன் பேட்டரி, செல்போன் சார்ஜர், பவர் பேங்க், சிறு டார்ச், சோப்பு, பல்துலக்கி, ஒரு துண்டு, ஒரு செட் மாற்று உடை. பெரிய பை தொலைந்தாலும் இதைக்கொண்டு இரண்டு நாள் மானமாக இருக்கலாம்.

இவ்வளவும் சேர்ந்து எங்கள் வீட்டுத் தராசில் தண்ணீர் இல்லாமல் நாலு கிலோ சொச்சம்தான் வருகிறது.

பெரிய பையின் கணக்கு

உடுப்பு விஷயத்தில்தான் நாம் அதிகம் ஏமாறுகிறோம். பதினைந்து நாள் போகிறோம் என்று பதினைந்து செட் எடுக்கிறோம். அக்கினி நட்சத்திரத்தில் தமிழ்நாட்டு மொட்டைமாடியில் நூல்துணி காய எவ்வளவு நேரம் ஆகும்? காபி குடித்துவிட்டு வருவதற்குள் பாதி காய்ந்திருக்கும். உடம்பில் ஒன்று, கொடியில் ஒன்று, பையில் ஒன்று. இந்த மூன்றோடு கல்யாணம், கோயில் என்றால் ஒரு பட்டு. போதும்.

சமையலறைத் தராசில் ஒருநாள் வேலையற்று நிறுத்துப் பார்த்தேன். நாலு முழ வேட்டி கால் கிலோவுக்குக் கொஞ்சம் கூட. மனைவியின் நூல் புடவை அரை கிலோ. பட்டுப்புடவை முக்கால் கிலோ. பேரனின் ஒரே ஒரு ஜீன்ஸ் முக்கால் கிலோவுக்குக் கிட்டே! அது புழுக்கத்தில் ஒரு நாளில் காய்வதும் இல்லை. பழைய கெட்டி சூட்கேஸ் காலியாகவே நாலு கிலோ. ஒன்றும் வைக்காமலே நாலு கிலோ தூக்குகிறோம் என்று அன்றுதான் தெரிந்தது. அதைப் பரணில் வைத்துவிட்டு, ஒரு கிலோவுக்குள் அடங்கும் கான்வாஸ் பை வாங்கினோம்.

எடை பார்க்க யந்திரம் தேடி அலைய வேண்டாம். குளியலறை எடைக்கருவியில் நீங்கள் ஒருமுறை ஏறுங்கள். பையைத் தூக்கிக்கொண்டு இன்னொருமுறை ஏறுங்கள். கழித்தால் பையின் எடை. தூக்கிக்கொண்டு ஏற முடியவில்லை என்றால் விடையும் அதுவே.

ரயிலில் இலவசமாக ஸ்லீப்பருக்கும் ஏ.சி. மூன்றடுக்குக்கும் ஆளுக்கு 40 கிலோ, ஏ.சி. இரண்டடுக்குக்கு 50 கிலோ என்று விதி இருக்கிறது. அது எடுத்துப் போகலாம் என்ற அனுமதிதானே ஒழிய, எடுத்துத்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் அல்ல! ஏ.சி. பெட்டியில் விரிப்பு, தலையணை, போர்வை கொடுக்கிறார்கள். ஹோல்டால் காலம் முடிந்தது. ஸ்லீப்பரில் போகிறவர்கள் ஒரு பருத்தி விரிப்பும் காற்றடைக்கும் தலையணையும் எடுத்தால் போதும்.

சாப்பாட்டுக் கூடையும் சுருங்கலாம். இரவு வீட்டில் சாப்பிட்டுவிட்டு வண்டி ஏறினால் காலைக்கு எண்ணெய் தடவிய மிளகாய்ப்பொடி இட்லி, மதியத்துக்குப் புளியோதரை. புளியும் எண்ணெயும் அதைக் காக்கும். தேங்காய்ச் சட்னி வேண்டாம். மீந்த சோற்றை அடுத்த வேளைக்கு வைக்காதீர்கள். சூட்டில் கிடந்த சோற்றில் உண்டாகும் நஞ்சு திரும்பச் சுடவைத்தாலும் போகாது. இரவுக்கு வழியில் சூடாக வாங்கிக்கொள்ளலாம். அடுப்பு, கெரசின், கேஸ் சிலிண்டர் எதுவும் ரயிலில் கூடாது. 2023 ஆகஸ்டில் மதுரையில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில் பயணிகள் கொண்டுவந்த சிலிண்டரால் தீப்பற்றி 9 பேர் இறந்ததை மறக்க முடியுமா?

விமானத்தில் போகிறவர்களுக்கு

இப்போது நம்மில் பலர் விமானத்தில் போகிறார்கள். மூன்று மணிக்குள் சென்னை. அங்கே கைப்பை ஒன்று, பொதுவாக 7 கிலோ. மேலே சொன்ன கைப்பை அப்படியே பொருந்தும். மருந்தை, முக்கியமாக இன்சுலினை, சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வைக்கவே வைக்காதீர்கள். பெட்டி தாமதப்படலாம், மருந்து உறைந்தும் போகலாம். சோதனையில் கேட்டால் காட்ட டாக்டர் சீட்டு மேலாக இருக்கட்டும். பவர் பேங்கும் கைப்பையில் மட்டுமே. சரக்கறையில் தீப்பிடித்தால் யாரும் பார்க்க முடியாது என்பதே காரணம். 100 வாட்-மணி வரை தனி அனுமதி வேண்டாம். கடையில் 20,000 மில்லி ஆம்பியர் என்று விற்பது ஏறத்தாழ 74 வாட்-மணிதான், பயமில்லை. கத்தி, கத்தரிக்கோல், லைட்டர் வேண்டாம். ஊரிலிருந்து திரும்பும்போது முழுத் தேங்காயைக் கைப்பையில் பொதுவாக விடமாட்டார்கள். கொப்பரை எண்ணெய்ச்சத்து மிகுந்தது, எளிதில் பற்றும் என்பதால் அதற்கும் தடை.

திரும்பும்போது

போகும்போது ஒரு பை, வரும்போது நாலு பை என்ற கதை எல்லார் வீட்டிலும் உண்டு. வடாம், அப்பளம், நார்த்தங்காய், கும்பகோணம் காபிப்பொடி. அன்போடு கொடுப்பதை எப்படி மறுப்பது? மறுக்க வேண்டாம். வாங்கிக்கொண்டு, அங்கேயே ஒரு அட்டைப்பெட்டியில் கட்டித் தபால் பார்சலில் தில்லிக்கு அனுப்பிவிடுகிறோம். நாம் வந்த சில நாளில் வடாமும் வந்துசேரும். கொடுத்தவர்கள் மனமும் நோகாது, நம் தோளும் நோகாது.

1994-க்குப் பிறகு அம்மா பழைய கான்வாஸ் துணியில் தன் கையாலேயே ஒரு தோள்பை தைத்துக்கொண்டாள். உள்ளே இரண்டு அறை: ஒன்றில் மருந்து, ஒன்றில் சீட்டு. அதன்பின் எத்தனையோ தடவை ஊருக்குப் போய்வந்தாள். அந்தப் பை அவள் தோளைவிட்டு இறங்கியதில்லை. இன்று அம்மா இல்லை. சென்ற ஆண்டு எனக்கும் சர்க்கரை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தப் பையைத் துவைத்து, கிழிந்த வாரை மாற்றி, இந்தக் கோடைக்கு நான் மாட்டிக்கொள்ளப் போகிறேன்.

மனைவி நேற்று கேட்டாள், "மொத்தம் எத்தனை உருப்படி?"

"ரெண்டு" என்றேன். எண்ணத் தேவையே இல்லை.